குனிந்த பிள்ளை

 

இம்மாதக் குடும்பப் பாடம் வழக்கத்தைவிட நீளம். மக்ரிபுக்குப் பிறகு பிள்ளைகளை உட்கார வைத்து, இரண்டு நாளாகப் பிரித்து வாசித்தாலும் குற்றமில்லை. கடைசிப் பகுதியை மட்டும் விட்டுவிடாதீர்கள். அது நம்மைப் பற்றியது.

2020ஆம் ஆண்டு பிப்ரவரி 6ஆம் நாள். நம் தெப்பக்காட்டில் வளர்ப்பு யானைகளுக்கான புத்துணர்வு முகாமின் தொடக்க விழா. அன்றைய வனத்துறை அமைச்சர் வந்திருந்தார். அதிகாரிகள், கட்சிக்காரர்கள், தொலைக்காட்சிக்காரர்கள் என்று பெரிய கூட்டம். முகாமில் உள்ள கோயிலுக்குள் போவதற்கு முன், வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த பழங்குடிச் சிறுவன் ஒருவனை அமைச்சர் ‘டா’ போட்டு அழைத்தார். சிறுவன் வந்தான். குனிந்தான். அமைச்சரின் செருப்பு வாரை அவிழ்த்துவிட்டான். கேமராக்கள் ஓடிக்கொண்டிருந்தன.

அன்றைக்கே அந்தக் காட்சி நாடு முழுக்கப் பரவியது. மசினகுடி காவல் நிலையத்தில் புகார் கொடுக்கப்பட்டது. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின்படி நடவடிக்கை வேண்டும் என்று கோரிக்கை எழுந்தது. அமைச்சர் வருத்தம் தெரிவித்தார். அந்தப் பிள்ளையைத் தம் பேரனைப் போல நினைத்துத்தான் கூப்பிட்டதாக விளக்கம் சொன்னார். குடும்பத்தாரையும் சந்தித்தார். விவகாரம் அத்துடன் முடிந்தது.

அமைச்சரைக் குறை சொல்வதற்காக இதை இங்கே எடுக்கவில்லை. சொல்ல வேண்டியவர்கள் அப்போதே சொல்லிவிட்டார்கள். நாம் கவனிக்க வேண்டியவை வேறு. கூப்பிட்டதும் அந்தப் பிள்ளை ஏன், எதற்கு என்று கேட்கவில்லை. கேட்கலாம் என்பதே அவனுக்குத் தோன்றியிருக்காது. சுற்றி நின்ற பெரியவர்கள் யாரும் கை நீட்டித் தடுக்கவில்லை. கேமரா இல்லாமல் இருந்திருந்தால் அது ஒரு செய்தியே இல்லை. பிறகு அந்த ‘பேரன் மாதிரி’. அது பொய் என்று நாம் சொல்லமாட்டோம். பாசமாகவே கூப்பிட்டிருக்கலாம். ஆனால் அதே கூட்டத்தில் ஓர் அதிகாரியின் மகன் நின்றிருந்தால், அவனைப் பேரனாக நினைத்து அந்த வேலைக்கு அழைத்திருப்பாரா?

சில மாதங்களுக்கு முன் நம் இளைஞர்களின் வாசிப்பு வட்டத்தில் மால்கம் எக்ஸின் வாழ்க்கையைப் படித்துக்கொண்டிருந்தோம். பத்தாம் வகுப்பு படிக்கும் ஒரு மகள் கேட்டாள்: “இதெல்லாம் அமெரிக்காவில் நடந்தது. நம்மூரில் கறுப்பர், வெள்ளையர் என்று யாரும் இல்லையே. நாம் எதற்கு இதைப் படிக்கிறோம்?” அன்றைக்கு யாராலும் சரியான பதில் சொல்ல முடியவில்லை. அந்தக் கேள்விக்கான பதில்தான் இந்தப் பாடம்.

மாஸ்காட்

மால்கம் 1925இல் பிறந்தார். ஆறு வயதில் தந்தையை இழந்தார். வெள்ளை இனவெறியர்கள்தான் கொன்றார்கள் என்று குடும்பம் கடைசிவரை நம்பியது. வறுமையிலும் அலைக்கழிப்பிலும் தாய்க்கு மனநலம் குன்றியது. அவரை மருத்துவமனையில் சேர்த்தார்கள். பிள்ளைகள் ஆளுக்கொரு பக்கமாகப் பிரிக்கப்பட்டார்கள். மால்கம் மிச்சிகன் மாநிலத்தில் மேசன் என்ற சிற்றூரில், ஒரு வெள்ளைத் தம்பதியர் நடத்திய விடுதியில் வளர்ந்தார்.

அந்தத் தம்பதியர் நல்லவர்கள். சாப்பாடு போட்டார்கள், தனி அறை கொடுத்தார்கள், பள்ளிக்கு அனுப்பினார்கள். அந்த வகுப்பில் அவர் ஒருவர்தான் கறுப்பர். ஆனாலும் வகுப்புத் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். ஆனால் அந்த வீட்டில் கறுப்பின மக்களைப் பற்றிக் கேவலமாகப் பேசும்போது, அவர் அங்கேயே நிற்கிறார் என்பதை யாரும் பொருட்படுத்தவில்லை. வெறுப்பில் பேசியது அல்ல அது. வானிலை பற்றிப் பேசுவது போல இயல்பாகப் பேசினார்கள். வீட்டில் வளர்க்கும் பறவைக்கு நம் பேச்சு புரியாது என்று நினைத்துப் பேசுவோமே, அப்படி. பின்னாளில் தன் சுயசரிதையில் அந்தக் காலத்தைப் பற்றிய அத்தியாயத்துக்கு அவர் வைத்த பெயர் ‘மாஸ்காட்’. விளையாட்டு அணிகள் ராசிக்காகவும் அழகுக்காகவும் கூடவே வைத்துக்கொள்ளும் செல்லப் பொருளைத்தான் அப்படிச் சொல்வார்கள்.

வகுப்பில் முதல் வரிசை மாணவர் அவர். ஒருநாள் ஆசிரியர் ஒருவர், என்ன ஆக விரும்புகிறாய் என்று கேட்டார். வக்கீல் என்றார் மால்கம். ஆசிரியர் சிரித்தார். உன் நிலைமைக்கு நடக்கக்கூடியதை யோசி, கைவேலை உனக்கு நன்றாக வருகிறது, தச்சு வேலை பார்க்கலாமே என்றார். அவரைவிடக் குறைந்த மதிப்பெண் வாங்கிய வெள்ளை மாணவர்களிடம் அவர்கள் சொன்ன கனவையெல்லாம் அதே ஆசிரியர் ஊக்கப்படுத்தினார். அந்த ஆசிரியரும் கெட்டவர் இல்லை. அக்கறையோடுதான் சொன்னார். மால்கமின் மனம் அன்றைக்குப் பள்ளியைவிட்டு விலகியது.

இந்த இரண்டு நிகழ்ச்சியையும் படித்தபோது நமக்குத் தெப்பக்காடு நினைவுக்கு வந்தது.

அமெரிக்கத் தென்மாநிலங்களில் நிலைமை இன்னும் வெளிப்படை. பள்ளி தனி, பேருந்தில் இருக்கை தனி, குடிநீர்க் குழாய் தனி, கல்லறை தனி. எல்லாம் சட்டம். தனித்தனியாக இருந்தாலும் சமமாக இருந்தால் போதும் என்று 1896இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றமே தீர்ப்பளித்திருந்தது. அது 1954 மே 17 அன்றுதான் பள்ளிகளைப் பொறுத்தவரை உடைந்தது. அந்தத் தீர்ப்புக்குத் துணைநின்ற சான்றுகளில் ஒன்று பொம்மைச் சோதனை. கென்னத் கிளார்க், மேமி கிளார்க் என்ற கறுப்பினத் தம்பதியர் இருவரும் உளவியலாளர்கள். மூன்று முதல் ஏழு வயது வரையுள்ள கறுப்பினக் குழந்தைகளிடம் பொம்மைகளைக் கொடுத்தார்கள். எல்லாம் ஒரே அச்சு. நிறம் மட்டும் வேறு: சில வெள்ளை, சில பழுப்பு. எது நல்ல பொம்மை? எது கெட்ட பொம்மை? பெரும்பாலான குழந்தைகள் வெள்ளைப் பொம்மையை நல்லது என்றன. பழுப்புப் பொம்மையைக் கெட்டது என்றன. கடைசியாக ஒரு கேள்வி: இதில் எது உன்னைப் போல இருக்கிறது? சில குழந்தைகள் அழுதன. சில அறையைவிட்டு ஓடின.

(இங்கே சற்று நிறுத்துங்கள். உங்கள் பிள்ளைகளிடம் கேளுங்கள்: அந்தக் குழந்தைகளுக்கு இதை யார் கற்றுக்கொடுத்திருப்பார்கள்? அவசரப்பட்டுப் பதில் சொல்லித் தராதீர்கள்.)

நம் பள்ளத்தாக்கின் கதை

இப்போது அந்த மகளின் கேள்விக்கு வருவோம். நம்மூரில் கறுப்பர் இல்லை என்றாள். நூறு ஆண்டுகளுக்கு முன் இங்கிருந்த வெள்ளைத் தோட்டக்காரர்களுக்கு அப்படித் தோன்றவில்லை. கூடலூர், பந்தலூர், வயநாடு பகுதியில் வாழும் பணியர்களின் கறுத்த நிறத்தையும் சுருட்டை முடியையும் பார்த்து, இவர்கள் ஆப்பிரிக்காவிலிருந்து வந்தவர்கள், மலபார்க் கரையில் கப்பல் உடைந்து கரையேறியவர்களின் வாரிசுகள் என்று பேசிக்கொண்டார்கள். சென்னை அருங்காட்சியகக் கண்காணிப்பாளராக இருந்த எட்கர் தர்ஸ்டன் 1909இல் வெளியிட்ட தம் நூலில் இந்தப் பேச்சைக் குறிப்பிட்டு, ஆராய்ந்து பார்த்தால் அது நிற்காது என்றும் எழுதினார். பணியர்கள் இந்த மண்ணின் மக்கள். அவர்கள் பேசும் மொழி நம் திராவிட மொழிகளில் ஒன்று. ஆனாலும் அந்தக் கப்பல் கதை ஏன் அவ்வளவு எளிதாக நம்பப்பட்டது என்று யோசித்துப் பாருங்கள். ஒரு மக்கள் கூட்டத்தை அடிமையாக வைத்திருப்பவனுக்கு, அவர்கள் எங்கிருந்தோ வந்த வேற்றாள் என்று நினைப்பது வசதி.

பணியர் என்ற பெயரே வேலைக்காரர் என்றுதான் பொருள்படுகிறது. அவர்களின் பழைய பெயர் எதுவாக இருந்தாலும், வேலை வாங்கியவர்கள் வைத்த பெயர்தான் நிலைத்தது. சாதிச் சான்றிதழிலும் அதுதான்.

நம்மில் பலருக்குத் தெரியாத ஒரு செய்தி: கூடலூர்ப் பக்கம் 1877 வரை மலபார் மாவட்டத்து வயநாட்டைச் சேர்ந்தது, அதன்பிறகே நீலகிரியோடு இணைந்தது. எனவே வயநாட்டின் அடிமை முறை நம் பள்ளத்தாக்கின் வரலாறும்தான். மானந்தவாடி அருகேயுள்ள வள்ளியூர்க்காவில் மார்ச் மாதம் திருவிழா நடக்கும். நெல்வயல் வைத்திருந்தவர்கள் அங்கே வருவார்கள். பணியர், அடியர் குடும்பங்களுக்கு ஒரு சிறு தொகையைக் கையில் கொடுப்பார்கள். அதற்கு நில்ப்புப் பணம் என்று பெயர். வாங்கியவர் அடுத்த ஓராண்டு அந்த ஜன்மியிடம்தான் நிற்க வேண்டும். வேறிடம் போகக் கூடாது. கூலி நெல்லாக அளக்கப்படும். தெய்வத்தின் சந்நிதியில் வாங்கிய பணம் என்பதால் மீறினால் கேடு வரும் என்று அந்த எளிய மக்கள் அஞ்சினார்கள். காவலாளியும் தேவையில்லை, சங்கிலியும் தேவையில்லை. மறு ஆண்டு மறுபடி அதே திருவிழா.

சட்டம் இருந்ததா? இருந்தது. 1843லேயே கம்பெனி அரசு அடிமை முறைக்கான சட்ட அங்கீகாரத்தை விலக்கிக்கொண்டது. அது அமெரிக்காவில் அடிமை முறை ஒழிவதற்கு 22 ஆண்டுகள் முன்னால். படிக்கும்போது பெருமையாகக்கூட இருக்கும். ஆனால் வள்ளியூர்க்காவில் பணம் கைமாறுவது அதற்குப் பிறகும் நூறாண்டுக்கு மேல் தொடர்ந்தது. கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் வந்தது 1976இல். நமது வாப்பாமார் இளைஞர்களாக இருந்த காலம் அது. பழங்கதை அல்ல.

அமெரிக்காவில் ‘வெள்ளையருக்கு மட்டும்’ என்று பலகை மாட்டினார்கள். 1964இல் சட்டம் வந்ததும் பலகையைக் கழற்றினார்கள். நம் பள்ளத்தாக்கில் யாரும் பலகை மாட்டியதில்லை. பணியர் முற்றத்தோடு நிற்பார், திண்ணையில் ஏறமாட்டார். கடையில் மற்றவர்கள் வாங்கி முடிக்கும்வரை ஒதுங்கி நிற்பார். தலைநரைத்த பெரியவரை நேற்றுப் பிறந்த பையன் பேர் சொல்லிக் கூப்பிடுவான். பலகை இருந்தால் கழற்றலாம்.

நிலமும் ரத்தமும்

இந்த ஒதுக்கலின் விளைவு மனத்தோடு நிற்கவில்லை. அமெரிக்காவில் கறுப்பர்கள் வாழ்ந்த பகுதிகளில் வீடு வாங்க வங்கிகள் கடன் மறுத்தன. பாட்டனார் வீடு வாங்க முடியவில்லை என்றால் பேரனுக்கு விற்கவோ அடகுவைக்கவோ ஒன்றும் இருக்காது. சட்டம் மாறி 60 ஆண்டு ஆகியும் அங்கே வெள்ளைக் குடும்பங்களுக்கும் கறுப்புக் குடும்பங்களுக்கும் சொத்தில் உள்ள இடைவெளி மூடவில்லை என்றால் காரணம் இதுவும்தான்.

இங்கே வீடு என்ற இடத்தில் நிலம் என்று போட்டுக்கொள்ளுங்கள். சதுப்பைத் திருத்தி வயலாக்கியவர்கள் பணியர்கள். காட்டை ஒவ்வொரு வேராக அறிந்தவர்கள் காட்டுநாயக்கர், குறும்பர், இருளர். யார் கையிலும் காகிதம் இல்லை. நிலம் நிலம்பூர்க் கோவிலகத்தின் ஜன்மமாக இருந்தது. தோட்டக் கம்பெனிகள் அவர்களிடம் குத்தகை எடுத்தன. 1940களின் உணவுப் பஞ்சத்தில் அதிக விளைச்சல் இயக்கம் என்று மலபாரிலிருந்தும் திருவிதாங்கூரிலிருந்தும் மக்கள் மலையேறினார்கள். 1964 ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கையிலிருந்து மலையகத் தமிழர்கள் வந்து சேர்ந்தார்கள். ஒவ்வொருவரும் தத்தம் துன்பத்திலிருந்துதான் வந்தார்கள். வந்தவர்களில் நம் முன்னோரும் உண்டு. இதை மறைக்க வேண்டியதில்லை. 1969இல் ஜன்ம ஒழிப்புச் சட்டம் வந்தது. ‘செக்‌ஷன் 17’ என்றால் என்ன என்று கூடலூரில் குழந்தைக்கும் தெரியும். பட்டா இல்லை, கரண்ட் இல்லை என்று நாம் பல ஆண்டாக மனு கொடுத்துக்கொண்டிருக்கிறோம். நியாயமான மனுதான். ஆனால் நமக்கு முன்பே அந்த நிலத்தில் இருந்தவர்களின் பெயர் நம் மனுவில் எத்தனை முறை வந்திருக்கிறது?

இன்னொரு செய்தி ரத்தத்தில் இருக்கிறது. சிக்கிள் செல் என்னும் ரத்தச் சோகையில் சிவப்பணுக்கள் அரிவாள் போல வளைந்து, நாளங்களை அடைத்து, எலும்பை முறிப்பது போன்ற வலியைக் கொடுக்கும். கறுப்பின மக்களிடம் மிகுதியாகக் காணப்படும் நோய் இது. 1952இல் லேமன், கட்புஷ் என்ற இரு ஆய்வாளர்கள் இந்தியாவில் முதன்முதலாக இதைக் கண்டறிந்தது நம் நீலகிரிப் பழங்குடியினரிடம்தான். இதை வைத்துக் கப்பல் கதைக்கு உயிர் கொடுக்க வேண்டாம். மலேரியா கொடுமையாக இருந்த நிலங்களில் இந்த மரபணுக் கூறு தனித்தனியாகத் தோன்றியது. அரைகுறையாக அதைச் சுமப்பவர்களை மலேரியா எளிதில் கொல்வதில்லை. அன்றைய வயநாட்டில் மலேரியாவுக்குப் பயந்து வெளியாள் யாரும் தங்கமாட்டார்கள். நாம் சொல்ல வந்தது வேறு. அமெரிக்காவில் இந்த வலியோடு வரும் கறுப்பரைப் பார்த்து, போதை மருந்துக்காக நடிக்கிறார் என்று சந்தேகிக்கும் பழக்கம் மருத்துவமனைகளில் இன்றும் உண்டு என்று அந்நாட்டு மருத்துவர்களே எழுதுகிறார்கள். இங்கே வேலைக்கு வராத பணியரைப் பற்றி நாம் என்ன சொல்வோம்? “நேற்றுக் கூலி கையில் வந்தது, இன்றைக்குக் குடித்துவிட்டுக் கிடப்பான்.” வலியால் கிடக்கிறாரா என்று படியேறிப் பார்த்தவர் நம்மில் எத்தனை பேர்?

1988 டிசம்பர் 5 அன்று கூடலூர் நகரில் நடந்ததைப் பார்த்த பெரியவர்கள் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள். பணியர், காட்டுநாயக்கர், குறும்பர், இருளர் என்று ஏறத்தாழ 10,000 பேர் நில உரிமை கேட்டு ஊர்வலம் போனார்கள். ஆதிவாசி முன்னேற்றச் சங்கம் அதை நடத்தியது. கடைத்தெருவில் ஒதுங்கி நின்று பழகிய மக்கள் நடுச்சாலையில் நடந்தார்கள். அதன்பின் 1990இல் அவர்களுக்கான மருத்துவமனை கூடலூரில் எழுந்தது. அங்கே ஆதிவாசிப் பெண்களே செவிலியர்களாகப் பயிற்சி பெற்றார்கள். நம் வீட்டுப் பெண்கள் சிலரும் அங்கே பிரசவத்துக்குப் போயிருக்கிறார்கள். வித்யோதயா பள்ளியும் அந்தக் காலத்தில் ஆதிவாசிப் பிள்ளைகளுக்காகக் கதவு திறந்தது. ஆசிரியரைக் கண்டு சுவரோடு ஒட்டி நிற்கும் பிள்ளைக்கு அ, ஆ சொல்லித் தருவதற்கு முன், உன் பாட்டும் உன் பேச்சும் பள்ளிக்குள் வரலாம் என்று சொல்லவேண்டியிருக்கிறது. பொம்மைச் சோதனையில் அழுத குழந்தைக்கு வேண்டியதும் அதுதான்.

யாரும் வந்து தூக்கிவிடவில்லை என்று சொல்லமாட்டோம். வெளியிலிருந்து வந்த நல்லவர்கள் துணை நின்றார்கள். ஆனால் சாலையில் நடந்த கால்கள் அவர்களுடையவை.

நாம்

இனி நம்மைப் பற்றி.

அபூதர் அல்கிஃபாரி (ரலி) அவர்களின் நிகழ்ச்சியை மதரஸாவில் படித்திருப்போம். ஒருவரோடு ஏற்பட்ட சச்சரவில், அவருடைய தாயைச் சொல்லி இழிவுபடுத்திவிட்டார்கள். திட்டப்பட்டவர் பிலால் (ரலி) என்றும், தாயின் கறுப்பு நிறத்தைச் சொல்லித் திட்டியதாகவும் அறிஞர்கள் பலர் குறிப்பிடுவர். நபி (ஸல்) அவர்கள் இதைக் கேட்டு, அறியாமைக் காலத்தின் குணம் இன்னும் உம்மிடம் மிச்சமிருக்கிறது என்ற கருத்தில் கண்டித்தார்கள். நாம் பெரும்பாலும் கதையை இங்கே முடித்துவிடுவோம். இதை நமக்கு அறிவித்தவர் எதைப் பார்த்துவிட்டு இந்தக் கதையைக் கேட்டார் என்பதை விட்டுவிடுகிறோம். பல ஆண்டுகளுக்குப் பிறகு அவர் அபூதரைச் சந்தித்தபோது, அவர்களும் அவர்களுடைய பணியாளும் ஒரே மாதிரி ஆடை அணிந்திருந்தார்கள். எஜமான் யார், பணியாள் யார் என்று துணியைப் பார்த்துச் சொல்ல முடியாது. வியந்து காரணம் கேட்டபோதுதான் அபூதர் பழைய கதையைச் சொன்னார்கள். கண்டிப்பு நடந்தது ஒருநாள். அவர்கள் துணியை மாற்றியது வாழ்நாள் முழுக்க.

இங்கே அபூதர் நம்மைவிட ஒரு விஷயத்தில் நல்ல நிலையில் இருந்தார்கள். அவர்கள் செய்தது கோபத்தில். கோபம் என்றால் தவறு கண்ணுக்குத் தெரியும். நாம் செய்வது பாசத்தில்.

கொழுந்து பறிக்கவும் குறுமிளகு பறிக்கவும் வரும் பணியர் அக்காவுக்கு நம் வீட்டில் சாப்பாடு உண்டு. பெருநாளுக்குப் புதுத்துணி உண்டு. மகள் கல்யாணத்துக்குக் கையில் பணமும் கொடுப்போம். நல்ல மனசுதான், அல்லாஹ் ஏற்றுக்கொள்வானாக. ஆனால் அவருக்கு டீ கொடுக்கும் கிளாஸ் எங்கே இருக்கிறது? அடுக்களையில் மற்ற கிளாஸோடா, பின்வாசல் ஓட்டு இறவாணத்திலா? அவர் பெயர் நமக்குத் தெரியும். அவருடைய கணவர் பெயர், பிள்ளைகள் பெயர்? நம் எட்டு வயது மகன் அவரை எப்படிக் கூப்பிடுகிறான்? அவர் நிற்கும்போதே, அவர் காதில் விழும்படி, ‘இவங்களுக்கெல்லாம் எவ்வளவு செஞ்சாலும் அவ்வளவுதான்’ என்று பேசியதே இல்லையா? மேசன் ஊரின் விடுதிக்கும் நம் அடுக்களைக்கும் எவ்வளவு தூரம்?

‘எங்கள் வீட்டில் தனி கிளாஸ் கிடையாது’ என்று பலர் சொல்வீர்கள். அல்ஹம்துலில்லாஹ். அப்படியானால் நம் அறக்கட்டளையின் கதையைக் கேளுங்கள். இது எழுதுவதற்குக் கூச்சமான பகுதி.

ஒவ்வொரு ஜூன் மாதமும் தெப்பக்காடு சுற்றுவட்டாரத்துப் பழங்குடிக் குடியிருப்புகளில் நாங்கள் நோட்டுப் புத்தகமும் பையும் கொடுக்கிறோம். பிள்ளைகளை வரிசையில் நிற்க வைப்போம். கொடையாளர் ஒருவர் பையை நீட்டுவார், பிள்ளை இரண்டு கையாலும் வாங்கும், படம் எடுப்போம். படம் சரியாக வராவிட்டால் பையைத் திரும்ப வாங்கி மறுபடி கொடுப்போம். இதையும் செய்திருக்கிறோம். படங்கள் இந்த இதழில் வந்தன. நீங்களும் பார்த்தீர்கள், பாராட்டி எழுதினீர்கள். யானைப் படம் ஆஸ்கர் வாங்கிய பிறகு தெப்பக்காட்டுக்கு வரும் சுற்றுலாக்காரர்கள் அங்குள்ள மக்களை நிறுத்திவைத்துப் படம் எடுப்பதைப் பார்த்து நாம் முகம் சுளித்தோம். நாங்கள் செய்வதும் அதுதான் என்று தோன்றவில்லை.

மால்கமைப் பற்றிப் படித்த பிறகு, வாசிப்பு வட்டத்து இளைஞர்களில் இருவர் பழைய இதழ்களை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். ஐந்து ஆண்டுப் படங்கள். கொடுப்பவர் பெயர் ஒவ்வொரு படத்தின் அடியிலும் இருந்தது. வாங்கும் பிள்ளையின் பெயர் ஒன்றில்கூட இல்லை. ‘பழங்குடி மாணவி’, ‘ஏழை மாணவர்’ என்று போட்டிருந்தோம். ஒரு படத்தில் ஒரு சிறுமி வாங்கிய பையை முகத்துக்கு நேரே தூக்கிப் பிடித்திருந்தாள். அப்போது அதைப் பார்த்து, என்ன அழகான வெட்கம் என்று அட்டையிலேயே போட்டோம்.

நிர்வாகக் குழுவில் இதைப் பேசியபோது கருத்து ஒன்றுபடவில்லை. படம் இல்லாவிட்டால் கொடையாளர்கள் நம்பமாட்டார்கள், வசூல் குறையும் என்றார் ஒருவர். உண்மைதான். கணக்குக் காட்டுவது நம் கடமை என்றார் இன்னொருவர். அதுவும் உண்மைதான். மூத்த உறுப்பினர் ஒருவர் மட்டும் கேட்டார்: “நம் மஹல்லாவில் படிப்புக்கு ஜகாத் வாங்கும் பிள்ளைகளின் படத்தை ஏன் போடுவதில்லை?” அவமானமாக இருக்கும் என்று எல்லோரும் ஒரே குரலில் சொன்னோம். சொன்ன பிறகு சிறிது நேரம் யாரும் பேசவில்லை.

இந்த ஆண்டு முதல் பிள்ளைகளின் படங்களை அச்சிடுவதில்லை என்று முடிவானது. ரசீதும் கணக்கும் யார் வேண்டுமானாலும் அலுவலகத்தில் பார்க்கலாம். பைகளை நாங்கள் நேரில் கொடுக்காமல், குடியிருப்பில் அவர்களே தேர்ந்தெடுத்த இரண்டு தாய்மாரிடம் ஒப்படைத்துவிடுகிறோம். எந்தப் பிள்ளைக்கு எது வேண்டும் என்பது அவர்களுக்குத்தான் தெரியும். நோட்டைவிட மழைக்கோட்டுதான் தேவை என்று முதல் முறையாகத் தெரிய வந்தது. இத்தனை ஆண்டுகள் நாங்கள் கேட்கவே இல்லை.

வசூல் கொஞ்சம் குறைந்திருக்கிறது. அதையும் சொல்லிவிட வேண்டும்.

ஜூன் மாதம் பைகளை ஒப்படைக்கப் போனபோது, இனிமேல் படம் எடுக்கமாட்டோம், எடுத்ததற்கு மன்னித்துக்கொள்ளுங்கள் என்று சொன்னோம். தாய்மாரில் ஒருவர் சிரித்தார். அட்டைப்படத்தில் பையால் முகம் மறைத்த அந்தச் சிறுமியின் தாய் அவர். மகள் இப்போது வளர்ந்து, கூடலூரில் விடுதியில் தங்கிப் படிக்கிறாளாம்.

“எடுத்ததுகூடப் பரவாயில்லை, அண்ணா. அஞ்சு வருஷம் எடுத்தீங்க. எங்களுக்கு ஒண்ணுகூடத் தரலையே. சின்ன வயசுல அவ எப்படி இருந்தான்னு பார்க்க எங்ககிட்ட ஒரு போட்டோவும் இல்ல.”

பழைய கோப்புகளைத் தேடி எடுத்தோம். பதினொரு படங்களில் அவள் இருந்தாள். பெரிதாகப் பிரிண்ட் போட்டு, உறையின் மேல் அவளுடைய பெயரைக் கேட்டு எழுதி, அடுத்த வாரம் கொண்டுபோய்க் கொடுத்தோம்.